டப்பாவைத் திறந்து பார்ப்பவள்

எந்த டப்பாவாக இருந்தாலும் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் அலர்மேல்மங்கை கரண்டியை உள்ளே விடுவாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஹாஸ்டலில் இருந்தபோதும் மாறவில்லை, உறவுக்காரர் வீட்டு விருந்திலும் மாறவில்லை.

காரணம் அம்மா பாப்பாத்தியின் சமையலறை. புத்தூர் பக்கத்து அந்த வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும், பிஸ்கட் டப்பாவில் துவரம்பருப்பு இருக்கும். சர்க்கரை என்று எழுதிய டப்பாவில் ஒருசமயம் சோப்புத்தூள் இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி போட்டவள் மங்கைதான். நுரையைப் பார்த்து, "நல்ல பாலு" என்று மெச்சினார்கள், வாயில் வைக்கும்வரை.

அந்த வீட்டின் முதல் பட்டதாரியான மங்கைக்குத் திருப்பதியில், ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் புத்தூருக்கே திரும்ப வேண்டியதுதான். அவள் செய்யவேண்டியது, தானாக வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்கள் பயன்படுத்தும் டூல்களுக்கு, எந்தக் கருவி என்ன செய்யும் என்று அவற்றுக்குப் புரிய விளக்கம் எழுதுவது.

"யாரு படிப்பாங்க?" என்று கேட்டார் அப்பா.

"மெஷின், நைனா."

"மெஷினுக்குக் கடுதாசியா? பதில் போடுமா?"

அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இலக்கியம் படித்துவிட்டு மெஷினுக்கு எழுதுவதும் எழுத்துதானா? தெரியவில்லை. ஆனாலும், தான் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் படிக்கிற வாசகர் வேறு யார் கிடைப்பார்கள்? நினைத்தாலே சிரிப்பாக வந்தது.

முதலில் வந்தது ஒரு லாட்ஜ் வேலை. அங்கே வரும் யாத்திரைக் குழுக்களைக் கவனித்துக்கொள்ள ஒரு ஏஜென்ட். நேற்று நடந்தது இன்றைக்கு அதற்கு நினைவிருக்காது. அதனால் குறிப்பு எழுதிவைக்கும். லாட்ஜ் மேனேஜர் ரங்கையாவும் அதே இடத்தில் எழுதுவார். எந்தெந்தக் குறிப்பு இருக்கிறது என்று தலைப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டும் டூலைக் கூட வேலை செய்யும் சிட்டிபாபு செய்திருந்தான். அதற்கு அவன் எழுதிய விளக்கம் இரண்டே வார்த்தை: 'குறிப்புகளைப் பட்டியலிடும்.'

மங்கைக்கு அது வறட்சியாகப் பட்டது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, 'உங்கள் குறிப்புகள் அனைத்தையும் இந்தக் கருவி உங்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்' என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை ரசித்தாள்.

ஏஜென்ட் அதை அப்படியே நம்பியது. பட்டியலில் 'ராமகுப்பம் குழு, நாற்பது பேர், காலை டிபன்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தது. எல்லாமே கண்முன் வந்துவிட்டதே, இதற்குமேல் எதைத் திறப்பது? நாற்பது பேருக்குப் பொங்கல் ஆர்டர் செய்துவிட்டது. ராமகுப்பம் குழுவோ போன வாரமே ஊருக்குப் போயிருந்தது.

லாட்ஜ் முதலாளி ஹரிபாபு அத்தனை பொங்கலையும் ஆட்டோவில் ஏற்றி ஆபீசுக்கே அனுப்பிவிட்டார். மேசைக்கு மேசை பொங்கல். பிரின்டர் மேல்கூடப் பொங்கல்.

"துன்னுங்க மங்கை காரு, உங்க விளக்கம் முந்திரியோட வந்திருக்கு" என்று தெலுங்கு மரியாதை போட்டுக் கிண்டலடித்தான் சிட்டிபாபு.

"உன் ரெண்டு வார்த்தையில உப்புகூட இல்ல. வாய மூடிக்கினு துன்னு."

டீம் லீடர் பிரமிளா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஹரிபாபு சார் நேர்ல வர்றார். அன்னிக்கும் சொதப்பினா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேல என்னால பேச முடியாது, மங்கை."

அன்று சாயங்காலம் பஸ் பிடித்துப் புத்தூர் வீட்டுக்குப் போய், காபி போட நுழைந்தவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். கொத்தமல்லி விதை.

"எம் டப்பாவ எப்பதான் நம்பப்போற?" என்றாள் அம்மா.

"பேர ஒட்டிட்டு உள்ள வேற வெச்சா யார் நம்புவாங்க?"

சொன்ன வாய் மூடவில்லை. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டே ரங்கையாவுக்குப் போன் செய்து, புதுக் குழு வந்தால் புதுக் குறிப்பு எழுதுவாரா என்று கேட்டாள்.

"புதுசு எதுக்கும்மா?" என்றார் அவர். "குழு காலி பண்ணிட்டா, உள்ள இருக்கறத அழிச்சிட்டு அதுலயே அடுத்த குழுவ எழுதிடுவேன். மேல பேரு அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

பாப்பாத்தியின் சமையலறையேதான்! மங்கை அடுப்பைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள். மறுநாள் தன் அழகான வாக்கியத்தை அழித்தாள். கொஞ்சம் வலித்தது. புதிதாக எழுதினாள்: 'இது தலைப்புகளை மட்டும் காட்டும். உள்ளே இருப்பதைக் காட்டாது. தலைப்பு பழையதாக இருக்கலாம். திறந்து படிக்காமல் பதில் சொல்லாதே, ஆர்டர் செய்யாதே. சந்தேகம் வந்தால் ரங்கையாவைக் கேள்.'

வெள்ளிக்கிழமை ஹரிபாபு உட்காராமலே கேட்டார். "ராமகுப்பம் குழுவுக்கு நாளைக்கு என்ன டிபன்?"

மங்கை அந்தக் கேள்வியை ஏஜென்டிடம் தட்டினாள். திரையில் ஒரு புள்ளி சுழன்றது. "பெருமாளே, இது மட்டும் சரியா சொல்லிட்டா மொட்ட போடறேன்!" மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பதில் வந்தது. 'தலைப்பில் ராமகுப்பம் என்று இருக்கிறது. திறந்து பார்த்தேன். உள்ளே இருப்பது பாகாலா குழு, பன்னிரண்டு பேர், இட்லி. ராமகுப்பம் பற்றி எதுவும் இல்லை. ரங்கையாவிடம் கேட்கட்டுமா?'

ஹரிபாபு உட்கார்ந்தார். சிட்டிபாபு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். பிரமிளாவை மங்கை கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள்.

"கடுதாசிக்குப் பதில் வந்திச்சா?" என்று நைனா போனில் கேட்டார்.

"வந்திச்சு நைனா! வேலையும் நிரந்தரம்!"

அதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேண்டுதல் மட்டும் பாக்கி. "மொட்டைக்குப் பதிலா மூணு கத்திரி முடி குடுத்தாலும் சாமி ஏத்துக்குவாருடி" என்று அம்மா பேரம் பேசிப் பார்த்தாள். ஆனால் மொட்டை என்று ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டதே.

"அவரும் பட்டியலதான் பாத்துக்கினு இருக்காரும்மா. என்னுத இன்னும் தொறக்கல."

"தொறப்பாரு. அப்ப தெரியும்."

ஆபீஸ் ஜன்னலில் ஏழுமலை முழுசாகத் தெரியும். மங்கை போன மாதம் தன் சீட்டை மாற்றிக்கொண்டாள். இப்போது மலையைப் பார்த்தபடி இருப்பது அவள் முதுகுதான். அதில் இடுப்புவரை தொங்குகிறது, இன்னும் கொடுக்காத பின்னல்.