நாடகக் கோபுரம்

என் சித்தி கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவள். வேறொருவர் கட்டிய சாரம் சரிந்துதான் சித்தப்பா இறந்தார். அதற்குப் பிறகுதான் சித்தி இந்த வேலைக்கே வந்தாள்.

ஒருமுறை நாடகக் குழு ஒன்று மேடையில் சாரக் குழாய்களால் கோபுரம் கட்டித்தரும்படி சித்தியிடம் கேட்டது. வானத்தைத் தொட ஆசைப்படும் மனிதர்கள் எழுப்பும் கோபுரம் அது. கடைசிக் காட்சியில் கடவுள் அதைச் சாய்த்துவிடுவார்.

"கயித்த இழுத்தா சரியணும்மா," என்றார் இயக்குநர்.

"விழுறதுக்குன்னு எனக்குக் கட்டத் தெரியாது சார்."

"கதையே அதுதானேம்மா?"

"அப்ப கதைய மாத்துங்க. மேல ஏற ஆசைப்பட்டதுல என்ன தப்பு? ஒழுங்கா கட்டலைன்னாதான் விழும்."

சித்தி விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்த இயக்குநர், கோபுர உச்சியில் தானே கயிற்றைக் கட்டிவைத்தார்.

நாடகத்தன்று கடவுள் வேடக்காரர் கயிற்றை இழுத்தார். கோபுரம் அசையவில்லை. இயக்குநரும் ஓடிவந்து கயிற்றில் தொங்கிப் பார்த்தார்.

"இனிமே இங்க உனக்கு வேலை கிடையாது," என்று மேடையோரம் நின்ற சித்தியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"போனா போகுது சார். நான் கட்டினது நிக்கும்."

வியர்த்துப்போன கடவுள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார். அரங்கம் கைதட்டியது.

மறுநாள் சித்தி தானே மேலேறி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி இறக்கினாள்.