உடம்பு கிடைக்காத அரசன்

பரிஸிலை ஆத்தங்கரையிலை இருக்கிற பெரிய மியூசியத்திலை நிலம் துடைக்கிறதுதான் என்ரை வேலை. எனக்குத் தந்த பகுதி அசீரிய மண்டபம். மனிச முகமும் தாடியும் சிறகும் வைச்ச கல்லு மாடுகள், ஒண்டொண்டும் ரண்டு ஆள் உயரத்துக்கு மேலை. முன்னாலை நிண்டு பாத்தால் அசையாமல் நிக்கும், பக்கத்தாலை பாத்தால் நடந்து போகும். அதுக்கெண்டே அஞ்சு கால் செதுக்கியிருக்கிறாங்கள். மாட்டுக்கு எத்தினை கால் எண்டு தெரியாத சிற்பியோ எண்டு முதல் நாள் சிரிச்சனான்.

ஆக்களைக் கூட்டிவந்து விளக்கம் சொல்லுறவையின்ரை வாயைப் பாத்துப் பாத்துத்தான் கதையைப் படிச்சன். ஈராக்கிலை கொர்சபாத் எண்ட இடம். மோசுலிலை இருந்த பிரெஞ்சுத் தூதுவர் வேறை மேடு ஒண்டைத் தோண்டி, பெரிசாய் ஒண்டும் அம்பிடாமல் நிக்க, ஊராள் ஒருத்தன் வந்து எங்கடை ஊரிலை கல்லுக் கிடக்கு எண்டவனாம். தோண்டினால் அரண்மனை. மனுசன் பைபிளிலை வாற நினிவே நகரத்தைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு பரிஸுக்கு எழுதிப்போட்டார். அது நினிவே இல்லை, வெறும் நிலத்திலை ஒரு அரசன் புதிசாய்க் கட்டின தலைநகர். குடிபுகுந்து கன காலம் ஆகமுந்தி அவன் சண்டைக்குப் போய்ச் செத்தான். உடம்பு கிடைக்கேல்லை. மகன் அந்த நகரத்தை அப்பிடியே விட்டிட்டு நினிவேக்குப் போட்டான். தான் வெட்டுவிச்ச கல்வெட்டுகளிலை தகப்பன்ரை பேரையே சொல்லாமல் விட்டிட்டானாம்.

இதைக் கேட்ட அண்டைக்கு எனக்கு அண்ணியின்ரை நினைவு வந்துது.

2009 மேயிலை, வன்னியிலை கடைசிச் சண்டைக்கை ஓடின சனத்தோடை அண்ணை காணாமல் போனார். அண்ணி மட்டும் வெளியிலை வந்து, பிறகு இஞ்சை பரிஸிலை, எங்கடை சனம் கூடின லா சப்பலிலை எங்களோடை இருக்கிறா. பிள்ளையள் இல்லை. திதி தெரியாட்டில் அமாவாசையிலை செய்யலாம், உடம்பு இல்லாட்டில் தர்ப்பையிலை ஆள் செய்து கிரியை செய்யலாம் எண்டு கோயில் ஐயர் எப்பவோ சொல்லிப்போட்டார். தம்பி நானே செய்யலாமாம். அண்ணி கேட்டால்தானே? பொட்டு வைச்சபடிதான் இருந்தா. சொந்தக்காரர் ஒரு மாதிரிக் கதைக்கத் துடங்கிச்சினம். எனக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்திடும். எத்தினை நாள் சண்டை பிடிச்சிருப்பன்! அந்த ஆத்துமா அலையிறது உங்களுக்குச் சந்தோசமோ எண்டு கூடக் கேட்டிருக்கிறன். அதை இப்ப நினைச்சால் என்ரை வாயை நானே கிழிக்கவேணும் போல கிடக்கு.

அண்ணை காணாமல் போய் ஒன்பதாம் வருசம், காசில்லாமல் உள்ளை விடுற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியை அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். சும்மா இல்லை, உள்நோக்கத்தோடைதான். தகப்பன்ரை உடம்பு கிடைக்காமலே அரசன்ரை மகன் தன்ரை அலுவலைப் பாத்துக்கொண்டு போனவன் எண்டு காட்டினால் அண்ணி மனம் மாறுவா எண்டது என்ரை பெரிய மூளை. மாட்டடியிலை நிண்டு முழுக்கதையும் சொன்னன். அண்ணி அந்த அஞ்சு காலையும் ஒண்டொண்டாய்ப் பாத்தா. பிறகு அந்த மகன் தகப்பனைத் தேடினவனோ எண்டு கேட்டா. அது தெரியாது, தகப்பன் என்ன பாவம் செய்தவர் எண்டு சாத்திரக்காரரைக் கேட்டவனாம், பேரைத்தான் சொல்லாமல் விட்டவன் எண்டன்.

"நீங்களும் அப்பிடித்தான் தம்பி," எண்டா. "நான் வந்த நாளிலை இருந்து அவரின்ரை பேரை நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லை. கிரியையிலை ஐயர் பேர் கேப்பார். ஆர் சொல்லுறது?"

பேரைக் கடதாசியிலை எழுதி ஐயரிட்டைக் குடுப்பம் எண்டுதான் நான் யோசிச்சு வைச்சிருந்தனான். அண்ணை கடைசியாய்ப் போன் எடுத்த அண்டைக்கு நான் வேலையிலை நிண்டனான். பிறகு எடுக்கிறன் அண்ணை எண்டு வைச்சிட்டன். அதுக்குப் பிறகு லைன் கிடைக்கவே இல்லை. இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, என்ரை மனிசிக்குக் கூட. அண்டைக்கு அந்த மாட்டடியிலை அண்ணிக்குச் சொன்னன். போன் எடுத்த அண்டைக்கு அவர் தன்ரை பக்கத்திலை நிண்டுதான் கதைச்சவர் எண்டும், தம்பி வேலையிலை நிக்கிறான், பாவம் எண்டு சொன்னவர் எண்டும் அண்ணி சொன்னா.

மெட்ரோவிலை வந்து லா சப்பலிலை இறங்கி, மேலை பாலத்திலை இருக்கிற அந்த மேடையிலை நிக்கேக்கை, அண்ணையின்ரை பேர் என்ரை வாயாலை வந்துது. முழுப்பேர், தகப்பன்ரை பேரோடை. ரயில் வெளிக்கிட்டுது. அண்ணி என்ரை கையைப் பிடிச்சா.

"திருப்பிச் சொல்லுங்கோ தம்பி. ரயில் சத்தத்திலை கேக்கேல்லை."