மெட்டி ஏறாத விரல்

எங்கள் தெருவில் கொடியேற்றம் என்றால் கயிறு என் கையில்தான். மேற்கு மாம்பலத்தில் அந்த ஒரு தெருவில் டாக்டர்கள் இருக்கிறார்கள், கோர்ட்டில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இருக்கிறார், பாங்க் மேனேஜர் வீட்டுக்கு ஒருவர் தேறுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான் ஒருவன்தான். ஆனாலும் கயிறு எனக்கு. தெருவில் பாதி வீடுகளுக்குப் பூமிக்கடியிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் நான் என்பது ஒரு காரணம். நான் பட்டாளத்துக்காரரின் பேரன் என்பது இன்னொரு காரணம்.

முதல் காரணத்தைக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் எந்தத் தெருவில் மணல், எங்கே களி, எங்கே பாறை, எங்கே வாயில் வைக்க முடியாத உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கோபாலபுரத்துப் பழைய பங்களாக்களில் நான் இறக்கிய போர்வெல் இன்னும் வற்றவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? வெறுங்கையோடு வந்தவன் நான் என்று கல்யாண வீடு, காதுகுத்து, சங்கக் கூட்டம் என மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். மைக் இல்லாத இடத்தில் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. அதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. குற்றம் செய்ததே ஒரு பெயர்தான்.

போன வருஷம் எங்கள் தெருச் சங்கத்தில், கொடிக்கம்பத்தின் அடியில் ஒரு கல் பதிக்கலாம் என்று பேச்சு வந்தது. என் தாத்தா பெயரும் அவர் சண்டை போட்ட இடமும் அதில் இருக்க வேண்டும். யோசனை அவர்களுடையது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அவர்கள் வாயில் அதைப் போட்டது நான். கல்லும் என் செலவு என்றேன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"தாத்தா எந்த ரெஜிமென்ட் சார்?"

"பட்டாளம் சார். பர்மா சண்டை."

"அது சரி, ரெஜிமென்ட் பேர் வேணுமே. கல்லுல தப்பாப் போயிடக்கூடாது பாருங்கோ."

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் தாத்தாவின் காக்கிக் கோட்டு ஒன்று இருந்தது. விசேஷ நாளில் அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆனால் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நிஜ வீரன் பேசமாட்டான் என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

நிலத்திலிருந்து தேட ஆரம்பித்தேன். மண் எனக்குப் பழகியது. சுதந்திரம் வந்த பிறகு, பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்குச் சர்க்கார் நிலம் ஒப்படை செய்தது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் தாத்தாவுக்கும் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. தாலுகா ஆபீசில் மனுப் போட்டு, செருப்புத் தேய நடந்து, அந்தப் பழைய உத்தரவின் நகலை வாங்கினேன். தாத்தா பெயர், அவர் தகப்பனார் பெயர், பக்கத்தில் பட்டாளத்து நம்பர். அந்த நம்பரை வைத்து என் மகன், பட்டாளத்துப் பழைய காகிதங்களைக் காக்கிற அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினான். ரொம்ப நாள் பதில் இல்லை. மறந்தே போன சமயத்தில் ஒரு பழுப்பு உறை வந்தது.

அன்றைக்கு இரண்டு பேரும் அண்ணா சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அறுபது தாண்டியும் கார் ஓட்டுவது நான்தான். தேனாம்பேட்டை சிக்னலில் வண்டிகள் அடைத்து நின்றபோது மகன் உறையைப் பிரித்து, பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"நைனா, உன் தாத்தா துப்பாக்கி புடிச்சவர் இல்ல போல கீது. ரோடு போடுற பட்டாளம். பர்மா எல்லைல, மலையில."

"ரோடு போட்டாதான்டா துப்பாக்கிக்காரன் போவ முடியும். படி."

"காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில இருந்துருக்காரு. அப்புறம் அங்க அடையாளம்னு ஒண்ணு கீது. வலது கால்ல ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டிக்கினு இருக்குமாம். அப்படியா இருந்துச்சு அவருக்கு?"

"ஆமா" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

என் தாத்தாவின் கால் எனக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் அதில் எண்ணெய் தேய்த்தவன் நான். விரல் இடுக்கிலெல்லாம் விட்டுத் தேய்க்கச் சொல்வார். முறம் மாதிரி விரிந்த பாதம், பத்து விரலும் தனித்தனி. ஒட்டிய விரல் யாருக்கு என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கே தெரியும். ஒரு கல்யாணத்தில் வெளிவந்த சங்கதி அது.

தாத்தாவுக்கு ஒரு தம்பி, எங்களுக்குச் சின்ன தாத்தா. நிலம் கிடையாது. அண்ணன் வயலில் கூலிக்கு வேலை செய்வார், அண்ணன் வீட்டுப் பின்கட்டில் சாப்பிடுவார். கள் இறங்கினால் "பட்டாளத்துக்குப் போனவன் நான்தான்" என்பார். ஊர் சிரிக்கும். அவருக்கு ஒரே மகள், முறையில் எனக்கு அத்தை. என்னைவிடச் சில வருஷம்தான் மூத்தவள். அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அவள் காலை அம்மியில் தூக்கி வைத்து மெட்டி போடப்போனால், மெட்டி ஏறவில்லை. நாத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, வாத்துக் காலு! விரலே பிரியலையே!" என்று கத்தினாள். எண்ணெய் கொண்டுவா என்றார்கள், இழு என்றார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து சின்ன தாத்தா வேட்டியை ஒதுக்கித் தன் வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

"உடும்மா. பர்மாவுல பட்டாளத்து டாக்டரே இத பிரிக்க முடியலன்னு எழுதிக்கினு போய்ட்டான். உன்னால ஆவுமா?"

"ஆரம்பிச்சிட்டான்யா பட்டாளத்த! அண்ணன் போன சண்டையில தம்பிக்குக் கால் வலியாம்!" என்று யாரோ சொல்ல, பந்தலே அதிர்ந்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இலை போடச் சொல்லி சமையல்காரரைத் திட்டினார். தம்பியின் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். பிறகு தட்டானிடம் சொல்லி, இரண்டு விரலையும் சேர்த்து வளைக்கிற மாதிரி ஒரே பெரிய மெட்டியாக அடித்து அத்தைக்குப் போட்டார்கள்.

சிக்னலில் இருந்து வீடு வருவதற்குள் இன்னொன்று ஞாபகம் வந்தது. அதுதான் என்னைச் சாய்த்தது. எனக்குத் தொழில் வைக்கத் தாத்தா அந்தப் பட்டாளத்து நிலத்தை விற்றுத்தான், ஆட்கள் கையால் சுற்றித் துளை போடுகிற கைபோர் செட் வாங்கிக் கொடுத்தார். அதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை. தாத்தா சொத்து பேரனுக்கு வருவது காற்று வருகிற மாதிரி என்று விட்டுவிட்டேன். மந்தைவெளியில் என் முதல் போர். பைப்பைச் சுற்ற ஆள் வேண்டும். ஊரிலிருந்து சின்ன தாத்தாவைக் கூட்டி வந்தேன். செக்கு மாடு மாதிரி அந்தப் பைப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடக்கும்போது "லெப்ட் ரைட், லெப்ட் ரைட்" என்று மற்ற ஆட்களுக்குத் தாளம் கொடுப்பார். "சின்ன தாத்தா, பட்டாளம் ஓட்டாம பைப்பப் பாரு" என்று எல்லார் முன்னாலும் அதட்டினேன். அவர் நிலத்தை விற்று வாங்கிய செட்டை அவரையே கூலிக்குச் சுற்றவைத்து, அவரையே அதட்டியவன் நான். இதைத்தான் வெறுங்கை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் சும்மா இருந்தேன். குமாஸ்தா கை தவறி எழுதியிருப்பான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கல் வந்து கொடவுனில் இறங்கிவிட்டது. "இன்னா எழுத்து சார்?" என்று எழுத்து வெட்டுகிற மேஸ்திரி போன் பண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு நாள் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் போனேன்.

அத்தை தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். புருஷன் போய் ரொம்ப நாளாகிறது. கிரைண்டரில் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறாள். என் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவேன். வந்தவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். பந்தியில் உட்கார் என்று நான் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

"இன்னாடா, கப்பலாட்டம் கார சந்துல நிறுத்திட்டு வர்ற? யார்னா செத்துட்டாங்களா?"

"சும்மாதான் அத்தே."

"சும்மா வர்ற ஆளா நீ? உக்காரு. மாவு வோணும்னா சொல்லு."

எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மாவைக் கவரில் ஊற்ற ஆரம்பித்தாள். புருஷனோடு மெட்டி போய்விட்டது. அந்த இரண்டு விரலும் ஒரே தொட்டிலில் போட்ட பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"சின்ன தாத்தா ஒரு பட்டாளக் கத சொல்வாரே, அது இன்னா அத்தே?"

"அந்தக் கருமம் இப்ப எதுக்கு?" என்றாள். ஆனாலும் சொன்னாள். "உங்க தாத்தாதான் பேர் குடுத்தாராம். ஆளெடுக்கிறவன் பேர எழுதிக்கினு போய்ட்டான். லாரி வந்த அன்னிக்கு உங்க தாத்தாவக் காணோம். வைக்கோல் போருக்குள்ள பூந்துக்கினாராம். உங்கப்பன் அப்ப கைக்கொழந்த. பேருக்கு ஒரு தலை வோணும்னு அவன் கத்தறான். எங்கப்பா ஏறிக்கினாராம். அங்க போயி அண்ணன் பேரக் கூப்ட்டா ஆஜர்னு சொல்லுவாராம். போய்ட்டு வர்றதுக்குள்ள எம்பேரே எனக்கு மறந்துபோச்சுன்னு குடிச்சிட்டு அழுவாரு."

"நீ நம்புனியா?"

"யார்ரா நம்புவா? கட்டிக்குடுத்த எடத்துல சிரிக்கிறாங்கன்னு நான்தான் அடக்குவேன். சாவுறப்பவும் அதயேதான் சொன்னாரு. வாய மூடுப்பான்னேன். மூடிக்கினாரு."

காகிதத்தை எடுத்து நீட்டினேன். சொன்னேன். மாவு ஊற்றிய கை நின்றது. அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை, தன் காலைத்தான் பார்த்தாள்.

"விரலப் பத்தி எழுதிக்கீறானா?"

"எழுதிக்கீறான் அத்தே."

"வலது காலுன்னு?"

"வலது காலுன்னு."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ அந்த நெலம்?"

"அவருது."

"நீ சுத்துன செட்டு?"

"நான் எங்க சுத்துனேன்? அவர்தான் சுத்துனாரு."

"என் மாடி போர்ஷன் சும்மாதான் கீது, வந்துடு அத்தே" என்றேன்.

"இப்ப யார்ரா உன் மாடியக் கேட்டா?" என்று சீறினாள். "கல்லு வைக்கப்போறன்னு பேசிக்கிறாங்களே. அதுல யார் பேரு?"

"அதான் தெரியல. பட்டாளத்துக் காகிதத்துல எங்க தாத்தா பேருதான் கீது."

"உங்க தாத்தா பேர போட்டா கல்லு பொய்யி. எங்கப்பா பேர போட்டா காகிதம் பொய்யின்னுவான். கல்லு கெடக்கட்டும். தாத்தா தாத்தான்னு மைக்குலதானே பீத்திக்கின? அதே மைக்குல சொல்லு. எங்கப்பா வாய நான் மூடிட்டேன். நீயாவது தொற."

குடியரசு தினத்தன்று அவளைக் காரில் கூட்டி வந்து, கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். கொடி ஏறியது. மைக்கைப் பிடித்தேன்.

"பட்டாளத்துக்குப் போனது எங்க தாத்தா இல்ல, அவர் தம்பி. இவங்க அப்பா. எங்க தாத்தா வைக்கோல் போர்ல ஒளிஞ்சிக்கினாரு. அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய நெலத்த வித்துத்தான் நான் தொழில் வச்சேன். நான் வெறுங்கையோட வரல."

ஒருவர் கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். தெரு டாக்டர்களில் ஒருவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன மனசு சார் உங்களுக்கு! யாருக்கு சார் இந்தத் தன்னடக்கம் வரும்?" செயலாளர் மைக்கை வாங்கி என்னைக் காட்டி, தன் குடும்பப் பெருமையைச் சொந்தக்காரருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த பெரிய மனிதர் என்றார். "பங்கு இல்ல சார், முழுசும் அவருது" என்றேன். அதற்குள் மிட்டாய் தட்டு வந்துவிட்டது, யார் காதிலும் விழவில்லை. எனக்கென்று ஒரு சால்வை தயாராக வைத்திருந்தார்கள். தோளில் போட்டார்கள். வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம். பக்கத்தில் நின்றவள் தோளில் எடுத்துப் போட்டிருக்கலாம். கைதட்டல் காதில் இனித்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அவளைக் காரில் மயிலாப்பூர் கூட்டிப் போனேன். சிக்னலில் நின்றபோது சால்வையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டாள். சரி, ஏற்றுக்கொண்டாள் என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சந்து முனையில் கதவைத் திறந்து, வலது காலை முதலில் தரையில் ஊன்றி இறங்கினாள். சால்வையை சீட்டில் வைத்துவிட்டு, குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"போடா. இதுலயும் நீதான் பேர் வாங்கிட்ட."