செண்டோல் கடையில் ஐந்து நிமிட ஊழியம்

செமோர் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்துச் சாலையோரம் பஸ் படுத்துவிடுகிறது. டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் யாரையோ திட்டுகிறார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கொரியாவுக்கு ஊழியம் செய்யப் போகிற எங்களுக்குப் பயிற்சியில் தினமும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு: முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐந்து நிமிடம் கொரிய மொழியில் நற்செய்தி சொல்ல வேண்டும். மலேசியாவில், இந்தப் பேராக் மாநிலத்தில் இது சுகமான வேலை. யாருக்கும் புரியாது, அதனால் யாரும் மறுப்பதும் இல்லை.

இன்று மாட்டியவர் சாலையோரத்தில் செண்டோல் என்ற ஐஸ் இனிப்பு விற்கும் கடை அக்கா. அனுமதி கேட்டுக்கொண்டு, தாளைப் பார்த்து மளமளவென்று ஒப்பிக்கிறேன். அவர் ஐஸ் துருவியபடியே கடைசிவரை தலையாட்டுகிறார்.

“முடிஞ்சிச்சா தங்கச்சி?”

“முடிஞ்சிருச்சுக்கா.”

“தாளையே பாக்குற. ஆளு மூஞ்சியப் பாக்கணும்லா. மொதல்ல எங்க வலிக்குதுன்னு கேக்கணும். ஒனக்கு எங்க வலிக்குது?”

“கழுத்துக்கா. குனிஞ்சு குனிஞ்சு படிக்கிறேன்ல.”

அக்கா மேசைக்கு அடியிலிருந்து மூலிகை ஜூஸ் போத்தல் ஒன்றை எடுக்கிறார்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுன காலத்து வலி. மூணே வாரம் குடிச்சேன். இப்பப் பாரு!”

கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுகிறார். பிறகு கண் இமைக்காமல் என்னையே பார்க்கிறார். பயிற்சியில் இதைத்தான் சாட்சி சொல்வது என்கிறார்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

பஸ் கிளம்புகிறது. மடியில் இரண்டு போத்தல், கையில் ஜூஸ் கம்பெனியின் புது உறுப்பினர் அட்டை. பயிற்சிப் படிவத்தில் ‘இன்று மனம் மாறியவர்கள்’ என்ற இடத்தில் ‘ஒருவர்’ என்று எழுதுகிறேன். பெயர் கேட்கும் கட்டத்தில் என் பெயரைத்தான் போட வேண்டியிருக்கிறது.