திருப்பிக் கொடுக்காத மாஸ்க்

என் மகளின் துணி இழுப்பறையில், காலுறைகளுக்கு அடியில், ஒரு நீல மாஸ்க் இருக்கிறது. நான் வேலை பார்த்த கம்பெனியில், வேலையை விடும் சமயத்தில் திருப்பிக் கொடுக்க மறந்ததால், கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. திருடிவிட்டதுபோல் பல நாள் உறுத்தியது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், காய்ந்த பூக்களையும் காய்களையும் சாயமேற்றிக் கப்பலில் அனுப்பும் கம்பெனி அது. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் சூப்பர்வைசர் அக்கா ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாஸ்க் தருவாள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும், “ஏளா, கூத்து முடிஞ்சாச்சு, திருப்பிக் குடுங்க” என்பாள். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுப்போம்.

சிறுவயதில் எனக்கு டி.பி. வந்து குணமானது. பின்னாளில் புகுந்த வீட்டில்கூடச் சொல்லத் தயங்கியதை, வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அக்காவிடம் சொன்னேன். தூசியில்லாத பேக்கிங் அறை கிடைக்கட்டும் என்றுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேற யார்ட்டயும் சொல்லாதளா, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். கூடப் பிறந்தவள்போல் அவளை நம்பினேன்.

ஓர் ஐப்பசி மழையில் குடோன் ஒழுகி, தாமரைக்காய் மூட்டைகள் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்தன. கப்பல் தேதி நெருங்கியிருந்தது. வெயிலில் போட்டு, பிரஷ்ஷால் தட்டிச் சாயத்தில் முக்கிவிட்டால் தெரியாது. தட்டுவதற்கு மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். “நீதான் மறுபேச்சு பேசமாட்ட, வா” என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவள் மட்டும் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “எனக்கு அலர்ஜிளா.”

நான் தாவரவியல் படித்தவள். பூசணம் தூளாகப் பறந்து பரவும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். மாஸ்க் கேட்கலாமா என்று யோசித்தேன். அக்காவுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். பத்து நாள் தட்டினேன்.

மகள் பிறந்த ஐந்தாம் மாதம் சளியில் ரத்தம் வந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “பூசணத்தூள் எல்லார் மூச்சுலயும் போவுதும்மா. நல்ல நுரையீரல் அதை வெளிய தள்ளிரும். உங்களுக்குப் பழைய டி.பி. ஒரு குழிய விட்டுட்டுப் போயிருக்கு. அதுக்குள்ள பூசணம் வளந்து, உள்சவ்வை அரிச்சு, சுவரைத் தடிக்க வச்சிருக்கு. பாப்பாவுக்கு ஒட்டாது. ஆனா இந்த மாத்திரை சாப்பிடும்போது தாய்ப்பால் வேண்டாம்.”

அந்தப் பத்து நாளால்தானா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த உறுதியின்மையைப் பிடித்துக்கொண்டு அக்காவை மன்னிக்கக்கூட முயன்றேன். குழந்தை என் மார்பில் முட்டி முட்டி அழும்போது அது முடியவில்லை. கேட்காமல் இருந்த என்னையும் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் அக்கா கிலுகிலுப்பையோடு பிள்ளை பார்க்க வந்தாள். நான் இருமினேன். சட்டென்று முந்தானை அவள் மூக்குக்குப் போனது.

“ஏளா, பழசு திரும்பிட்டோ? ஒட்டிக்கிடாதுல்லா?”

பழசு. அப்படியானால் அவள் எதையும் மறந்திருக்கவில்லை. தட்டுவதற்கு என்னைக் கூப்பிட்ட அன்றும் அது அவளுக்கு நினைவிருந்திருக்கும்.

இழுப்பறையைத் திறந்து மாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். “நம்ம கம்பெனியிலயுள்ளதுல்லா, கள்ளி!” என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டு, குழந்தையைச் சற்று நேரம் கொஞ்சினாள். கிளம்பும்போது வாசலில் கையை நீட்டினேன்.

“கூத்து முடிஞ்சாச்சுக்கா. திருப்பிக் குடுங்க.”

அவள் சிரிக்கவில்லை. கழற்றித் தந்துவிட்டுப் படியிறங்கினாள். அதை இரண்டு முறை துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். இப்போது உறுத்தவில்லை.