ஆற்றைப் பார்த்த வாசல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. பாம்பென்று யாராவது கத்தினால் கம்பை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவள் அவள். பயந்து கதை கட்டுகிற ரகம் இல்லை.

அத்தானுக்குக் கட்டடம் நகர்த்துகிற தொழில். அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளைகள் மேல் ஏற்றி, அப்படியே வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவார். ஆற்றோரத்தில் ஒரு சின்னப் பிரார்த்தனைக் கூடம் இருந்தது. புதுச் சாலைக்கு இடைஞ்சலாம், மேட்டுக்கு நகர்த்தச் சொன்னார்கள். அதற்கு இரண்டு வாசல். ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று ஆற்றைப் பார்த்து. ஆற்று வாசல் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது.

கூடத்தில் விளக்கேற்றுகிறவர் முணுமுணுத்தார். “அந்தக் கதவு இங்கதான் தம்பி இருக்கணும்.”

“கதவும் சேர்ந்துதாங்க மேல வருது,” என்று சிரித்தார் அத்தான்.

ஒரு விரிசல்கூட விடாமல் கூடம் மேலே போய்ச் சேர்ந்தது. கீழே பழைய தரை மட்டும் சும்மா கிடந்தது. கல் பாவிய நல்ல தரை. அத்தான் விடுவாரா? மேட்டில் மிச்ச வேலை முடிகிறவரை தங்குவதற்கு அதன் மேலேயே தகரக் கொட்டகை போட்டுவிட்டார். கதவு தெருப் பக்கம். ஆற்றுப் பக்கம் முழுக்கத் தகரம்.

அக்காவும் கூடவே தங்கினாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. எதற்கும் அஞ்சாதவள், அந்த வயிற்றுக்காகத் தும்மக்கூடப் பயந்தாள்.

அன்று நல்ல மழை. பிற்பகல் நான்கு மணி இருக்கும். அத்தான் ஆட்களோடு மேட்டில் இருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்...

கதவுப் பக்கம் இல்லை. ஆற்றுப் பக்கம்.

தகரத்தைத் தட்டினால் தடதடவென்று அதிரும். இது மரக்கதவைத் தட்டுகிற சத்தம்.

“யாரு?”

“நனைஞ்சிட்டோம்மா... கொஞ்சம் ஒதுங்கிக்கட்டுமா?”

பெண் குரல். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

“அடடா, ஏன் மழையில நிக்கிறீங்க? உள்ள வாங்க!”

யாரும் சுற்றி வரவில்லை. கதவு அசையவில்லை.

தரையைப் பார்த்தாள்.

தகரத்தின் அடியில்... ஈரக் கால்தடம்.

ஒன்று பெரியது. பக்கத்தில் சின்னது.

ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தன...

கட்டிலருகே நின்றன.

வயிறு சில்லிட்டது.

அவள் அலறியது மேடு வரை கேட்டிருக்கிறது. அத்தான் ஓடிவந்தபோது ஈரம் காயவில்லை. அவரும் பார்த்தார். வந்தது இரண்டு பேர். திரும்பிப் போன தடமும் இருந்தது. பெரியது மட்டும்.

அன்றைக்கே அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். கொட்டகையைப் பிரிக்கப் போன அத்தானிடம் விளக்கேற்றுகிறவர் அப்போதுதான் சொன்னாராம்.

“முந்தி அங்க படகுக்காரங்க குடிசை. வெள்ளத்தன்னிக்கு ஒருத்தி சின்னப் பிள்ளையோட வந்து தட்டியிருக்கா. உள்ள இருந்தவங்க பயந்துகிட்டுத் திறக்கல. காலையில பார்த்தா ரெண்டு பேரும் வாசல்லயே கிடந்தாங்க. அதுக்காகத்தான் அந்த வாசல் இருந்த இடத்துலயே கூடத்தைக் கட்டி, தாழ்ப்பாள் இல்லாம ஒரு கதவு வச்சாங்க. சாமி கும்பிட எந்த இடமும் போதும் தம்பி. அந்தக் கதவுக்கு அந்த இடம்தான்.”

மருமகனுக்கு இப்போது ஐந்து வயது. இதெல்லாம் அவன் காதில் விழாமல்தான் வளர்க்கிறோம். போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுப் பின்சுவரில் காதை ஒட்டவைத்து நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வாசலே கிடையாது.

“என்னடா பண்றே?”

“அம்மா தட்டுறாங்க மாமா. திறந்து விடுங்க.”

அவனைப் பெற்ற என் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.