சோஃபாவுக்கு ஒரு சட்டை

ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார் ஜெயராமன். பழைய சட்டை துவைத்து மாடிக் கொடியில் காய்கிறது. அது காய்ந்து வருகிற வரைக்கும் கைப்பிடி வெறும் உடம்போடு நிற்பதா என்று இன்னொன்று தைத்து வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இரண்டு சீருடை எடுக்கிறோமே, அந்த நியாயம்தான்.

உறை என்றோ கவர் என்றோ அவர் வாயில் வராது. எல்லாமே சட்டைதான். டிவிக்குச் சட்டை, ரிமோட்டுக்குச் சட்டை, அரிசி டப்பாவுக்குச் சட்டை, குடைக்கு ஏற்கெனவே கடைக்காரன் கொடுத்த சட்டைக்கு மேல் ஒரு சட்டை. தொம்மலூரில் அவருடைய ஒன்றரை அறை வீட்டுக்குள் புதிதாக நுழைகிறவர்கள், எது எந்தச் சாமான் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள். கேட்டால், "தூசும்மா. இந்த ஊருல மனுசன் மூச்சு உடறதவிட ரோடு தூசு உடறதுதான் ஜாஸ்தி" என்பார். பங்குனி பிறந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. எதிர்வீட்டு மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் பூத்துக்கொண்டு நிற்கும். பூவும் தூசும் சேர்ந்தே ஜன்னல் வழியாக வரும். பூவை விட்டுவிடுவார், தூசை விடமாட்டார்.

எம்.ஜி. ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது, கையில் வந்த பணத்தில் மனைவி பாஞ்சாலிக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக்கொடுத்தார். பாஞ்சாலி குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை செய்கிறவள். "நான் காலையில போயி சாயங்காலம் வரேன். இத எப்பயா மிதிக்கறது? தூக்கத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மெஷின் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் இவரே உட்கார்ந்தார். ஆண்பிள்ளை வீட்டில் தைக்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால், அவர்கள் போட்டிருக்கிற பேண்டை எந்தப் பெண்பிள்ளை தைத்தாள் என்று விசாரித்துவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.

நேர்க்கோடு அவருக்கு நன்றாக வரும். மூலை அதைவிட நன்றாக வரும். வளைவுதான் வராது. ஜாக்கெட்டுக் கை, கழுத்து, காலர் எதுவும் ஆகாது. முதலில் பாஞ்சாலிக்கு ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்த்தார். அவள் அதை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குயா, எனக்கு நாலு கையிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். அன்றோடு மனுஷர்களுக்குத் தைப்பதை விட்டுவிட்டு, சதுரமான ஜீவன்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டு வேலை மொத்தமும் அவர் தலையில்தான். பைப்பில் தண்ணீர் வருகிற காலையில் டிரம் நிரப்ப வேண்டும். சோறு வைக்க வேண்டும். மாடியில் துணி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவே மெஷின் ஓடும். குக்கர் விசில் அடித்தால், மிதிப்பதை நிறுத்தாமலே கையை நீட்டி அடுப்பை அணைப்பார். அந்த வீட்டில் அது ஒரு சௌகரியம். எதுவும் எதற்கும் தூரமில்லை.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வைட்ஃபீல்டுக்குப் போவார்கள். மகன் தினேஷும் மருமகள் ஸ்னேஹாவும் அங்கே பெரிய அடுக்குமாடியில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, மேஜைமேல் ஒரு சாமான் கிடையாது. ஜெயராமனுக்கு அந்த வீட்டைப் பார்த்தால் குளித்துவிட்டுத் துண்டுகூடக் கட்டாமல் நிற்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல இருக்கும். போகும்போதெல்லாம் பையில் ஒரு சட்டை. ஓவனுக்கு, ஃப்ரிட்ஜுக்கு, வாஷிங் மெஷினுக்கு, கீபோர்டுக்கு. ஸ்னேஹா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "ரொம்ப நீட்டா இருக்கு மாமா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். அடுத்த முறை போனால் ஓவன் வெறுமனே நிற்கும்.

தை மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் பல்பு மாற்ற ஏணியில் ஏறினார். லாஃப்ட் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் தைத்த சட்டைகள் அத்தனையும் இருந்தன. துவைத்து, இஸ்திரி போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. பல்பை மாட்டிவிட்டு இறங்கி வந்து, பாஞ்சாலியிடம்கூடச் சொல்லவில்லை. தூக்கிப் போட்டிருந்தால் கோபித்துக்கொள்ளலாம், இரண்டு வார்த்தை கேட்கலாம். இத்தனை மரியாதையாக மடித்து வைத்திருக்கிறவளை என்னவென்று கேட்பது? அதற்கப்புறம் இரண்டு முறை வெறுங்கையோடு போய் வந்தார். பாஞ்சாலிதான், "இன்னாயா, மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் மாசிக் கடைசியில் ஸ்னேஹாவே போன் செய்தாள்.

"மாமா, ஃப்ரீயா இருக்கீங்களா? நம்ம ஹால் சோஃபாவுக்கு ஒரு கவர் வேணும். யுகாதிக்கு அப்பா அம்மா மைசூர்லேருந்து வராங்க. அப்பா காபி டம்ளர சோஃபா மேலதான் வெப்பாரு, சொன்னா கேக்கமாட்டாரு. நீங்க தெச்சுத் தரீங்களா?"

ஜெயராமன் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். கேட்டு வாங்குகிறாள். அதுவும் சம்பந்தி வந்து உட்காரப்போகிற சோஃபாவுக்கு. "தெச்சுடலாம்மா. தினேஷ்கிட்ட மட்டும் சொல்லாத. மாட்டினப்புறம் பாக்கட்டும்" என்றார். மகன் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை. நியாயமான ஆசைதான்.

அடுத்த ஞாயிறு போய் அளவெடுத்தார். தினேஷ் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்தாக வேண்டியிருந்ததால் கொஞ்சம் ஓட்டமும் இருந்தது. டேப் அவரிடம் உண்டு, ஆனால் நம்பிக்கை கிடையாது. "டேப்பு இழுத்தா நீளும்மா. கை நீளாது" என்பார். சோஃபாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாண் சாணாக விரலை வைத்துப் போவதைப் பார்த்தால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருக்கும். ஒன்பது சாண், நாலு விரல். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்து, சிவாஜிநகரில் இறங்கி, காபி விழுந்தாலும் தெரியாத காபி நிறத்திலேயே கெட்டித் துணி வாங்கினார்.

துணியை விரித்தால் வீடு முடிந்துபோயிற்று. கட்டிலுக்குப் போக வேண்டுமானால் அதைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது, "மிதிச்சுடாத" என்று ஒரு குரல் வரும். இந்த நேரம் பார்த்துத் தங்கவயலிலிருந்து அவருடைய அக்கா ஜகதாம்பாள் வந்து சேர்ந்தாள். வருஷா வருஷம் பங்குனியில் வந்து ஒரு வாரம் இருப்பாள். வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லவும் முடியாது, சொன்னாலும் வருவாள். அவள் பேச வேண்டும், தம்பி பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். தம்பியானால் மெஷினை விட்டு எழுந்திருக்கிறபாடில்லை. அதனால் அவள் மெஷினுக்குப் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஊரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டாம் பந்தியில் வடை இல்லாமல் போன கதை. இவர் "ம்" கொட்டிக்கொண்டே ஓரம் அடித்தார்.

குக்கர் விசில் அடித்தது. "இரு, நான் போறேன்" என்று ஜகதாம்பாள் எழுந்தாள். அவளோடு சோஃபாவின் சட்டையும் எழுந்தது. அவளுடைய சேலையும் காபி நிறம். முந்தானை ஒரு முழத்துக்குச் சட்டையோடு சேர்த்து அழகாக, நேர்க்கோடாக, தைக்கப்பட்டிருந்தது.

"டேய் ஜெயா, இன்னாடா என்ன மெஷினோட கட்டி வெச்சுட்ட?"

"அசையாதக்கா. நூல் இழுத்துக்கும்."

"நூலுதான்டா உனுக்குப் பெருசு. சோறு தீயுது பாரு."

அந்த நேரம் வேலை முடிந்து உள்ளே வந்த பாஞ்சாலி, வாசற்படியிலேயே பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். "இனிமே எங்க அண்ணி ஊருக்குப் போறது? தையலே போட்டாச்சே."

"ஆமாண்டி. எனக்கும் ஒரு சட்டையப் போட்டு அலமாரில வெச்சுக்கங்க" என்றாள் ஜகதாம்பாள். கோபமெல்லாம் இல்லை. அவர் ஒவ்வொரு தையலாகப் பிரித்து முடிக்கிறவரை நகராமல் நின்று, விட்ட இடத்திலிருந்து வடைக் கதையைச் சொல்லி முடித்தாள். நகர முடியாத அக்காவும் எழுந்துபோக முடியாத தம்பியுமாக அன்றைக்குத்தான் அவர்கள் நிம்மதியாகப் பேசினார்கள் என்பாள் பாஞ்சாலி. சோறு தீய்ந்துதான் போயிற்று.

யுகாதிக்கு முந்தின ஞாயிறு. ஜகதாம்பாளை ரயிலேற்றி அனுப்பியாகிவிட்டது. சட்டையை மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு, இருவரும் இந்திராநகரில் மெட்ரோ ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தும் ஜெயராமன் உட்காரவில்லை. மடியில் வைத்தால் மடிப்புக் கலையும் என்று மூட்டையைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டே நின்றார்.

கதவைத் திறந்தவன் தினேஷ். "வாங்கப்பா, வாம்மா."

ஜெயராமன் மகனைத் தாண்டி ஹாலைப் பார்த்தார். சோஃபா இருந்த இடத்தில் வேறு ஒரு சோஃபா இருந்தது. சாம்பல் நிறம், குச்சிக் கால், நீளமும் வேறு. அதன் நடுவில் ஸ்னேஹாவின் அப்பா சேஷகிரி உட்கார்ந்து, காபி டம்ளரை இருக்கைமேலேயே வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "வாங்கோ சம்பந்தி" என்று இடம் விட்டு நகர்ந்தார்.

"பழசு எங்கடா?" ஜெயராமன் மகனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காலையிலதான் கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போனான்ப்பா. ஸ்னேஹா இவங்கள கூட்டிட்டு வர ஸ்டேஷனுக்குப் போயிருந்தா. வந்து பாக்கட்டும்னு மாத்திட்டேன், இப்பத்தான் வந்தாங்க. எப்படி இருக்கு?"

"எடுத்துட்டுப் போனானா? நீ வாங்கினதத்தானே?"

"வாங்கலப்பா. வாடகை. ஃப்ரிட்ஜு, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாமே வாடகைதான். புடிக்கலன்னா மாத்திக் குடுப்பான்."

ஜெயராமன் மூட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அப்ப போன வருசம் இங்க ஃப்ரிட்ஜு வளந்துச்சே?" என்றார்.

"அது வேற ஃப்ரிட்ஜுப்பா."

அந்த ஃப்ரிட்ஜுக்காக அவர் மூன்று தடவை பிரித்துத் தைத்தார். வயசானதில் கை சுருங்கிப்போய்ச் சாண் குறைந்துவிட்டது என்று நினைத்து, டாக்டரிடம்கூடக் கேட்டார். பாஞ்சாலி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கையால் மூட்டையை அவரிடமிருந்து மெல்லப் பிடுங்கிச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

அம்மாவோடு சமையலறையில் இருந்த ஸ்னேஹா வெளியே வந்தாள். மூட்டையைப் பார்த்தாள், சோஃபாவைப் பார்த்தாள், கடைசியாகக் கணவனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். அவள் மூட்டையை வாங்கித் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். மூலைகளை ஒவ்வொன்றாக உள்ளே கைவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். எந்த மூலையும் பிதுங்கவில்லை, சுருங்கவில்லை, பெட்டிபோல நின்றது.

"என்ன மாமா, இவ்ளோ நல்லா வந்திருக்கு."

"பரவால்லம்மா" என்றார் ஜெயராமன். சம்பந்தி விட்ட இடத்தில், சோஃபாவின் ஓரத்தில், பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்திருந்தார். "லாஃப்ட்ல வெச்சுடு."

வேண்டுமென்று குத்திச் சொன்னதில்லை. அவருக்கு அந்தப் புத்தி கிடையாது. இருக்கிற இடத்தைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஸ்னேஹாவின் கை அப்படியே நின்றுவிட்டது. காது சிவந்தது. மாமனார் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, மேஜைமேலிருந்த போனை எடுத்து நம்பரைத் தட்டினாள்.

முதலில் ஆங்கிலத்தில் பேசினாள். அந்தப் பக்கம் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது, கன்னடத்துக்கு மாறினாள். காலையில் எடுத்துப்போன பழைய சோஃபாவே வேண்டும். ஆமாம், புதிதுதான் நல்ல மாடல், தெரியும். இருந்தாலும் பழையதுதான் வேண்டும். அதே சோஃபா இல்லாவிட்டால் அதே அளவு.

"ஏய், இப்பதானே மாத்தினேன்" என்றான் தினேஷ்.

"நீ சும்மா இரு." போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "மாமா, நீளம் எவ்ளோ?"

"ஒம்பது சாண், நாலு விரல்" என்றார் ஜெயராமன். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம்.

"ஒம்பத்து கேணு, நால்கு பெரளு" என்றாள் ஸ்னேஹா போனில். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். யாருடைய சாண் என்று கேட்டிருப்பார்கள். "நம்ம மாவன கேணு" என்றாள் அவள், மாமனாருடைய சாண் என்பது ஊரெல்லாம் தெரிந்த ஒரு கணக்கு மாதிரி. "அதுக்கு அரை விரல் குறைஞ்சாலும் எனக்கு வேண்டாம்" என்பதையும் கன்னடத்திலேயே சொன்னாள்.

சேஷகிரி செய்தித்தாளை இறக்கி, "என்ன நடக்கறது இங்க?" என்று கேட்டார். போனில் அவர்கள் இன்னும் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஜெயராமன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. எழுந்து நின்று, தாம் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டார். சம்பந்தியின் காபி டம்ளரை எடுத்துப் பத்திரமாக ஜன்னல் ஓரத்தில் வைத்தார். திரும்பி வந்து, "எடுத்துட்டுப் போக ஆள் வருவாங்க சம்பந்தி" என்று அவர் எழுந்திருப்பதற்குக் கை நீட்டினார்.